விமானம் ஏறாதவன்

மட்டக்களப்பு பஸ்ஸிலிருந்து பதுளையில் இறங்கிய என் தம்பி ஜெயரூபன், பையை இடது தோளில் மாட்டப் போனவன் முகத்தைச் சுளித்து வலது தோளுக்கு மாற்றினான். அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மணி இரண்டரை. உடனே பண்டாரவளை பஸ்ஸைப் பிடித்தால்தான் இருட்டுவதற்குள் பூனாகலைப் பக்கம் போய்ச் சேரலாம்.

"மூணு மாசம் கழிச்சு வாறேன். வாடா தம்பின்னு ஒரு வார்த்த வராதா ஒனக்கு?" என்றான்.

"ஐடென்டி கார்ட் கொண்டாந்தியா?"

"அதுக்குத்தான் ஸ்டாண்டுல வந்து நிக்கிறியா?"

"ஆமா. பின்ன ஒன் மூஞ்சிய பாக்கவா?"

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு எங்கள் தேயிலைத் தோட்ட டிவிசனில் வீட்டுக் காணி குலுக்கல். மண்சரிவில் லய வீடுகள் போய் ஒன்றரை வருடமாகிறது. முப்பத்தொரு குடும்பங்கள் பழைய தேயிலை ஸ்டோரில், சாக்கையும் தறப்பாளையும் தொங்கவிட்டு அறை பிரித்துக்கொண்டு கிடக்கின்றன. யாராவது இருமினால் முப்பத்தொரு குடும்பமும் விழித்துக்கொள்ளும். இப்போது காணி வந்திருக்கிறது, இருபத்துநான்கு துண்டு மட்டும். பட்டியலில் பேர் உள்ளவர் அடையாள அட்டையோடு நேரில் வந்து சீட்டு எடுக்க வேண்டும். வராவிட்டால் அந்தப் பேரைத் தாண்டிப் போவார்கள்.

எங்கள் வீட்டில் பேர் உள்ளவர் ஜெயரூபன். அம்மா கலாராணி இருபத்தெட்டு வருடம் அந்த மலையில் கொழுந்து பறித்தவள். நான் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்து, டிவிசனின் முதல் பட்டதாரி என்று மேடையில் மாலை வாங்கி, அரசாங்க வேலைக்குக் காத்திருந்து, பதுளையில் டியூஷன் வகுப்பு எடுக்கிறவள். அப்பா இல்லை. பட்டியல் எழுத வந்த அதிகாரி குடும்பத் தலைவர் யார் என்று கேட்டபோது, தோட்டத் தலைவர் சின்னராசா எங்களைக் கேட்காமலே சொன்ன பேர், வருடத்தில் பத்து நாள் வீட்டில் இருக்கிற இருபத்திரண்டு வயது ஆண்பிள்ளையின் பேர். நான் சண்டை போட்டேன். "எழுதிட்டாங்கம்மா, விடு" என்றார்கள். விட்டோம்.

பஸ் தெமோதரையைத் தாண்டும்போது அவன் இடது தோளைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"என்னடா அது?"

"நேத்து டேங்க் தூக்குனது. லுணுகலை தாண்டுனதுலருந்து குடையுது."

அவன் வேலை மட்டக்களப்பில், கடலுக்கடியில். பதினெட்டு வயதில் சுழியோடிகளின் படகில் சிலிண்டர் தூக்கப் போனவன், பிறகு தானே முழுகக் கற்றுக்கொண்டான். அங்கே ஆழத்தில் ஒரு பழைய கப்பல் கிடக்கிறது. வெள்ளைக்காரர்கள் அதைப் பார்க்க வருவார்கள். அவர்களுக்கு முன்னால் இறங்கிக் கயிறு கட்டிவிட்டு வருவது இவன் வேலை. போன வருடம் முதலாளி ஒரு பழைய ரீபிரீதரை வாங்கி இவன் முதுகில் மாட்டினார். அந்தப் பெருமையை பஸ்ஸில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னான்.

"சும்மா சிலிண்டர்னா மூச்ச வெளிய விட்டா குமிழியா போயிரும். இது அப்பிடி இல்ல. விட்ட மூச்சு சுத்தி வந்து ஒரு டப்பாக்குள்ள போகும். உள்ள சுண்ணாம்பு மாதிரி குருணை. கெட்ட காத்த அது உறிஞ்சிக்கும். கொறையிற ஒக்சிஜன மெஷின் போட்டுக்கும். அதே மூச்சு திரும்ப வரும். மூணு மணித்தியாலம் கெடக்கலாம். சத்தமே இல்லக்கா. மீனு மூஞ்சிக்கிட்ட வந்து பாத்துட்டுப் போகும்."

"அந்தச் சுண்ணாம்ப ஒவ்வொரு தடவையும் மாத்தணுமா?"

"மாத்தணும். மொதலாளி ரெண்டு தடவ பாவிக்கச் சொல்லுவாரு. கொழும்புலருந்து வரணுமாம்."

"நீயும் பாவிச்சியா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். துருவித்தான் வாங்க வேண்டியிருந்தது. நேற்றல்ல, அன்று விடியற்காலையில்தான் இறங்கியிருக்கிறான். அடியில் இருக்கும்போதே தலை வெடிக்கிற மாதிரி வலி, மூச்சு இரைத்தது. சுண்ணாம்பு செத்துப்போயிருக்கிறது. கருவியை விட்டுவிட்டு, கூடக் கொண்டுபோன சின்ன சிலிண்டரைக் கடித்துக்கொண்டு மேலே வந்திருக்கிறான். ஆழத்திலிருந்து வருகிறவன் வழியில் அங்கங்கே நின்று நின்று வர வேண்டும். கடைசியில் நிற்க வேண்டிய இருபது நிமிடத்தை நிற்கவில்லை. சிலிண்டரில் காற்று இல்லை. ஒன்பது மணி பஸ்ஸையும் பிடிக்க வேண்டியிருந்தது.

"வோட்ச் கத்துச்சு" என்று கையை நீட்டிக் காட்டினான். தடித்த கறுப்புக் கடிகாரம். அதில் குட்டியாக ஒரு விமானம், குறுக்கே ஒரு கோடு. "இருவத்திநாலு மணித்தியாலம் ப்ளேன் ஏறக்கூடாதாம். நம்ம என்ன, பூனாகலைக்கு ப்ளேன்லயா போறோம்? சீ.ரீ.பி. பஸ்ஸுக்கு அந்தச் சட்டம் இல்ல."

முன் சீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். பௌதிகம் படித்த நானும் சேர்ந்து சிரித்தேன்.

கடற்கரையில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வீடு கடலோரம். வேலை முடிந்தால் மணலில் நடந்து வீட்டுக்குப் போவார்கள். வெள்ளைக்காரன் விமானம் ஏறுவான். அதனால் விமானத்தைப் பற்றி மட்டும் பேசினார்கள். வேலை முடிந்து நாலாயிரத்தைந்நூறு அடி மலைக்கு பஸ் ஏறுகிற சுழியோடி ஒருத்தன் இருப்பான் என்று அந்தக் கடிகாரம் செய்தவனுக்கும் தெரியாது.

பண்டாரவளையில் பஸ் மாறினோம். பூனாகலை ரோட்டில் பஸ் முக்கி முக்கி ஏறியது. அவன் அம்மாவுக்கு வாங்கி வந்த மரவள்ளிச் சீவல் பக்கெட் பையிலிருந்து மடியில் விழுந்தது. பலூன் மாதிரி உப்பி, பொலித்தீன் ஒட்டு விட்டுவிடும் போல் இருந்தது. எதிர் சீட்டுக் குழந்தை அதைத் தட்டித் தட்டி விளையாடியது.

மலைக்காரருக்கு இது புதுசில்லை. கீழே இருந்து கொண்டுவருகிற எந்த பக்கெட்டும் இங்கே உப்பும். வெளியே அழுத்தம் குறைந்தால் உள்ளே இருக்கும் காற்று விரியும் என்று போன வாரம்தான் பன்னிரண்டாம் வகுப்புக்குப் படம் போட்டு நடத்தினேன். ஐம்பது மீற்றர் ஆழத்தில் இவன் இரத்தத்திலும் சதையிலும் கரைந்த நைதரசன், நின்று வராததால் முழுதாக வெளியேறாமல் உள்ளேயே இருக்கிறது, ஏற ஏறக் குமிழியாகும். இவனை நான் பக்கெட்டைப் போல மேலே ஏற்றிக்கொண்டு போகிறேன்.

"டேய், வேற எங்கயாச்சும் வலிக்குதா? உண்மைய சொல்லு."

"முதுகு கொஞ்சம். பெல்ட் கட்டுன மாதிரி இருக்கு."

"எறங்கு. திரும்பிப் போவோம்."

"லூசா நீ? நாளைக்கு ஒம்பது மணிக்கு சீட்டு!"

பஸ் அப்போது மலை உச்சியில் இருந்தது. திரும்பினாலும் மறுபடி பண்டாரவளை உயரம்தான். எங்கள் டிவிசன் உச்சியைத் தாண்டிக் கீழே. முன்னால் போவதே மேல் என்று கணக்குப் போட்டேன். போனில் சிக்னல் இல்லை. மீதி இருபது நிமிடமும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், உட்கார முடியவில்லை.

ஸ்டோர் வாசலில் இறங்கும்போது அவனுடைய இடது கால் படியைத் தவறவிட்டது. "மரத்துப்போச்சு" என்றான். பிறகு கக்கூசுக்குப் போனவன் கால் மணி நேரம் வரவில்லை. கதவைத் தட்டினேன்.

"வர மாட்டேங்குதுக்கா" என்றான் உள்ளேயிருந்து. "ஒண்ணுக்கு முட்டுது. ஆனா வர மாட்டேங்குது." அவன் குரலில் விளையாட்டு அப்போதுதான் போனது.

அவனோடு வேலை செய்யும் ஷிபானுக்கு ஸ்டோரின் பின்மேட்டில் ஏறி நின்று போன் எடுத்தேன். அந்த ஒரு இடத்தில்தான் சிக்னல் பிடிக்கும். சொல்லி முடிப்பதற்குள் அவன் குறுக்கே பாய்ந்தான்.

"அவர் மலைக்கா போன? அல்லாவே! கேளுங்க, மல்லாக்கப் படுக்க வைங்க. தண்ணி குடுங்க. ஒக்சிஜன் வேணும், எவ்வளவு கெதியா முடியுமோ அவ்வளவு கெதியா. மறுகா திருகோணமலைக்குக் கொண்டு போங்க, நேவிக்காரங்கட்ட அழுத்த அறை இரிக்கி. அதுக்குள்ள போட்டாத்தான் கால் திரும்பும். மேல மட்டும் ஏத்திராதீங்க, கேட்டுதா? ஒரு அடி கூட மேல ஏத்தாதீங்க."

மேட்டிலிருந்து இறங்கி ஓடி வந்தால், உள்ளே தலைவர் சின்னராசா அவன் காலை மடியில் வைத்து நல்லெண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருந்தார். சுற்றிலும் சனம்.

"ஒண்ணுமில்லம்மா, அஞ்சாறு மணித்தியாலம் பஸ்ல மடக்கி ஒக்காந்தா நரம்பு பிடிக்கும். நான் பாக்காத காலா?"

"கையெடுங்க தலைவரே. இப்பவே கீழ கொண்டு போகணும்."

"எங்க? ஆஸ்பத்திரின்னா பதுளைக்கு மேல ரோட்டுல போ. கீழ கொஸ்லாந்த பக்கம் போயி என்ன செய்யப் போற?"

"பதுளைக்குப் போகணும்னா மறுபடி உச்சி ஏறணும். ஏறுனா செத்துருவான்."

"யாரு, பஸ்ல ஏறுனதுக்கா?" யாரோ பின்னால் சிரித்தார்கள்.

அம்மா என்னைத் தனியாக இழுத்தாள். "தங்கம், காலைல ஒம்பது மணி. ஒரு ராத்திரிதான். சீட்ட எடுத்துட்டு நேரா கூட்டிட்டுப் போவோம். ஒன்றரை வருசமா இந்தச் சாக்குக்குப் பின்னால நான் சேல மாத்துறேன். ஒனக்குத் தெரியும்தானே."

எனக்குத் தெரியும். அவள் கேட்டதில் தப்பில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு வீட்டுக்கும் ஒரு காலுக்கும் நடுவில் ஒரு தாயை நிறுத்தி வைத்தது யார்? ஜெயரூபனும் அவள் பக்கம்தான். "நான் தாங்கிக்குவேன்கா. என் பேரு வாசிக்கும்போது ரெண்டு பேரு பிடிச்சு நிப்பாட்டுங்க போதும்."

பேச்சு உதவாது என்று தெரிந்தது. அம்மா முந்தானையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினேன். அவன் இடது பாதத்தில் அழுத்திக் குத்தினேன். இரத்தம் வந்தது, கால் துடிக்கவில்லை.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இப்ப என்ன செய்யப் போற?" என்று கேட்டான்.

அம்மா குனிந்து அந்த இரத்தத்தைத் தொட்டாள், அவன் முகத்தைப் பார்த்தாள், மறுபடி இரத்தத்தைப் பார்த்தாள்.

"தூக்குங்கடா" என்றாள். "பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. தூக்குங்க!"

ஆம்புலன்ஸுக்குச் சொன்னால் வரும், ஆனால் உச்சி தாண்டித்தான் வரும், அந்த வழியேதான் திரும்பும். வாசலில் இத்ரூஸ் நானாவின் சின்ன லொறி நின்றது. பண்டாரவளையில் கடை வைத்திருப்பவர், வாரம் ஒரு நாள் ஸ்டோருக்கு மாவும் வெங்காயமும் இறக்க வருவார். பாதிச் சாமான் இறக்கியிருந்தார்.

"நானா, கீழ மொனராகலை ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"மொனராகலையா? எனக்கு ஊடு அந்தப் பக்கம் புள்ள" என்று மேலே கையைக் காட்டினார். பிறகு சனம் தூக்கிக்கொண்டு வந்த ஜெயரூபனைப் பார்த்தார். "சரி, ஏத்துங்க. மாவு மூடைக்கு மேல படுக்கப் போடுங்க. வெங்காயம் பக்கத்துல வேணாம், ஏற்கனவே நாலு பேர் அழுறது காணும்."

ஜெயரூபன் அடையாள அட்டையை அம்மா கையில் திணித்தான். அம்மா வரவில்லை. "நான் நாளைக்கு அங்க நிக்கணும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கொஸ்லாந்த வரைக்கும் வளைவுக்கு வளைவு லொறி சரிந்தது. நான் பின்னால் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஊட்டினேன். "வலது கால் விரல ஆட்டு" என்பேன், ஆட்டுவான். "இடது" என்பேன். "ஆட்டுறேன்" என்பான். ஆடவில்லை. ஆடுகிறது என்று நான் பொய் சொல்லவும் இல்லை.

"ஆடுதாக்கா?"

"இல்ல."

"பொய்யாச்சும் சொல்லேன்டி."

"தண்ணி குடி."

வெல்லவாயாவில் காற்று சூடாக முகத்தில் அடித்தது. தோள் வலி பாதி குறைந்தது என்றான். கீழே இறங்க இறங்க அமுங்குகிறது. ஆனால் கால் வரவில்லை. கால் வருவதற்கு இந்த இறக்கம் போதாது.

மொனராகலை ஆஸ்பத்திரியில் டொக்டர் றின்ஸா இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். நான் படபடவென்று சொல்லச் சொல்ல முகமூடியை அவன் முகத்தில் மாட்டி ஒட்சிசனை முழுதாகத் திறந்துவிட்டார்.

"உண்மைய சொன்னா, இத நான் புத்தகத்துலதான் பாத்திருக்கேன்" என்றார். "நமக்கு இங்க பாம்புக்கடி வரும், யானை அடிச்சது வரும். டைவர் வந்ததே இல்ல."

"திருகோணமலைக்கு எடுத்துப் பேசுங்க டொக்டர்."

"பேசிட்டுத்தான் இரிக்கேன். நீங்க கொஞ்சம் உக்காருங்க."

உட்காரவில்லை. அவர் சிங்களத்தில் நாலு இடத்துக்குப் பேசினார், ஒருவரிடம் கத்தினார். ஒரு மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. ஏறும்போது கேட்டார்: "கீழ் ரோட்டால கொண்டு வரச் சொன்னது யாரு?"

"ஒருத்தரும் இல்ல. சண்ட போட்டுத்தான் கொண்டு வந்தேன்."

"நல்ல வேல செஞ்சீங்க" என்றார். அம்பாறை, மட்டக்களப்பு வழியாக, எங்குமே மேடில்லாத ரோட்டில் போகும்படி சாரதிக்கு எழுதியே கொடுத்தார்.

விடிகிற நேரத்தில் அவனை அழுத்த அறைக்குள் வைத்தார்கள். பெரிய இரும்பு உருளை, பக்கத்தில் தடித்த கண்ணாடி வட்டம். உள்ளே ஒரு கடற்படைத் தாதி கூடவே இருந்தார். அழுத்தத்தை ஏற்றிக் குமிழிகளை நசுக்கி, ஒட்சிசன் கொடுத்து, பிறகு மணிக்கணக்கில் மெதுவாக இறக்குவார்கள். கடலில் அவன் விட்டுவந்த நிமிடங்களை இங்கே திருப்பித் தருகிறார்கள். கண்ணாடிக்கு வெளியே நான் நடந்துகொண்டே இருந்தேன். ஒரு சிப்பாய் நாற்காலி கொண்டுவந்து போட்டான். அதில் என் பையை வைத்தேன்.

ஒன்பது மணி தாண்டியது. ஒன்பதரை ஆகியும் அம்மாவிடமிருந்து போன் இல்லை. பத்துக்குக் கிட்ட வந்தது. பின்மேட்டில் நிற்கிறாள் என்பது காற்றின் சத்தத்தில் தெரிந்தது.

"அவென் எப்பிடி இருக்கான்?"

"உள்ளதான் இருக்கான். நீ சொல்லு."

"பேரு வாசிச்சாங்க. நான் எந்திரிச்சேன். ஜெயரூபன் நீங்களான்னு அதிகாரி கேட்டாரு. சனமெல்லாம் சிரிச்சிச்சு. நான் சொன்னேன், அந்தப் பேர நான் குடுக்கல, நீங்களா எழுதிக்கிட்டது. இருவத்தெட்டு வருசம் இந்த மலையில நின்னது நான், நான்தான் எடுப்பேன்னு பெட்டிக்குள்ள கைய விட்டுட்டேன்."

"அம்மா!"

"கையப் புடிச்சிட்டாங்க. சீட்டு தரல. ஆனா சின்னராசா எந்திரிச்சு, பையன் சாகக் கெடக்கான், நான் பாத்தேன், பேர் எழுதச் சொன்னதும் நான்தான்னு சொன்னாரு. மத்த சனமும் சத்தம் போட்டுச்சு. அதுக்கப்புறம் ஒரு சீட்ட பிரிக்காமலே தனியா கவர்ல போட்டு ஒட்டிட்டாங்க. ஏழு நாள். அதுக்குள்ள ஆஸ்பத்திரிக் கடுதாசியும், அவென் கையெழுத்துப் போட்டு பேர மாத்தச் சொல்லுற கடுதாசியும் வேணுமாம். கடுதாசி வந்தா நமக்கு. வராட்டி அடுத்த ஆளுக்கு."

அழுகிறாளா என்று கேட்டேன். "எனக்கு அழ நேரமில்ல" என்று வைத்துவிட்டாள்.

பதினொரு மணிக்கு ஒலிபெருக்கியில் அவன் குரல் கரகரத்தது. "அக்கா, இடது கால் எரியுது. நெருப்புல வச்ச மாதிரி எரியுது." அழுதுகொண்டு சொன்னான். பக்கத்தில் இருந்த கடற்படை டொக்டர் தலையாட்டினார், நல்லது என்றார்.

வெளியே எடுத்தபோது பெருவிரல் ஆடியது. நிற்க வைத்துப் பார்த்தார்கள், முழங்கால் மடங்கியது. நாளைக்கும் ஒரு தரம் உள்ளே போக வேண்டும், அதற்குப் பிறகும் போக வேண்டிவரலாம். முழுக்கத் திரும்புமா என்றால், திரும்பலாம் என்றார் டொக்டர். ஒரு மாதத்துக்குக் குறையாமல் மலை ஏறக்கூடாது. கடலை இப்போதைக்கு நினைக்கவே கூடாது.

கட்டிலில் படுத்துக்கொண்டு அவன் கேட்ட முதல் கேள்வி: "சீட்டு?"

சொன்னேன், எதையும் குறைக்காமல். பிறகு டியூஷன் கொப்பியிலிருந்து கிழித்து எழுதி வைத்திருந்த தாளை நீட்டினேன். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் ஜெயரூபனுக்குப் பதிலாகத் தாயார் கலாராணியின் பெயரைப் பதியும்படி கேட்டிருந்தேன்.

"எம் பேர எடுத்துட்டா நான் எங்க போறது?"

"அம்மா வீட்டுக்கு வா. அம்மா விட்டா இரு."

"இதுக்குத்தான் இவ்வளவு தூரம் கொண்டாந்து காப்பாத்துனியா?"

"ஆமாடா. கையெழுத்துப் போடு."

மல்லாந்தபடியே எழுதினான். எழுத்துகள் மேலும் கீழுமாகப் போயின. பேனாவைத் திருப்பித் தரும்போது, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "ஷிபான் போன்ல சொன்னான், மொதலாளி புதுச் சுண்ணாம்பு எடுத்துட்டாராம். கால் சரியானா—"

"வாய மூடு."

மூடிக்கொண்டான். ஆனால் அவன் திரும்பப் போவான் என்று எனக்குத் தெரியும். மலையில் அவனுக்கு என்ன வேலை இருக்கிறது? எனக்கே அங்கே வேலை இல்லை. அதைச் சொல்லாமல், ஆஸ்பத்திரிக் கடிதத்துக்கு முத்திரை வைக்கிறவரைத் தேடிப் போனேன்.

முத்திரை கிடைக்க மணி இரண்டாகிவிட்டது. பதுளைக்குப் போகும் பஸ் இரண்டரைக்கு என்றார்கள். இரண்டு தாளையும் பையில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து ஓடினேன்.